ஸ்ட்ரக்சுரலா, சாயிலா: எம்.இ. சேரும் முன் நான் நின்று பார்த்த இடங்கள்

போன ஏப்ரலில் அக்கா மகள் போன் செய்தாள். பி.இ. சிவிலில் மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். ஸ்ட்ரக்சுரல் என்றால் கட்டட அமைப்பை வடிவமைக்கும் படிப்பு, சாயில் என்றால் மண்ணையும் அஸ்திவாரத்தையும் பற்றிய படிப்பு. "சித்தி, எம்.இ.க்கு எல்லாரும் ஸ்ட்ரக்சுரல் எடுக்கச் சொல்றாங்க. எனக்கு சாயில் பிடிச்சிருக்கு. அதுல வேலை இருக்கா, பொண்ணுங்க போகலாமான்னு யாரும் சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க எப்படி முடிவு பண்ணீங்க?"

அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான் முக்கியமானதையெல்லாம் சொல்லாமல் விட்டது உறைத்தது. எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவலாம் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டு ஊரில். வீட்டின் மேற்கு மூலையில் ஒரு விரிசல் உண்டு. பங்குனி, சித்திரையில் அதில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும். ஐப்பசி மழை பெய்து கார்த்திகை முடிவதற்குள் காகிதம்கூட நுழையாது. ஒவ்வொரு கோடையிலும் அப்பா சிமெண்ட் குழைத்து அடைப்பார். மழைக்காலத்தில் விரிசல் மூட இடமில்லாமல், அடைத்த சிமெண்ட்டே பக்கத்துப் பூச்சைப் பெயர்க்கும். அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம் பெரிதாகும். "கொத்தனார் சரியில்ல" என்பதுதான் பல வருடம் எங்கள் வீட்டில் இருந்த விளக்கம்.

மூன்றாம் ஆண்டு மண் ஆய்வகத்தில் ஃப்ரீ ஸ்வெல் சோதனை வந்தது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணில் 10 கிராமை ஓர் அளவுக் குழாயில் தண்ணீரோடும், இன்னொரு 10 கிராமை வேறொன்றில் மண்ணெண்ணெயோடும் போட்டு 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. நான் ஊரிலிருந்து ஒரு பையில் எங்கள் வீட்டு மண்ணைக் கொண்டுபோயிருந்தேன். மறுநாள் காலையில் மண்ணெண்ணெயில் 11 மில்லி, தண்ணீரில் 23 மில்லி. 109 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே அஸ்திவாரத்தில் கவனம் வேண்டிய மண்.

அந்தக் குழாய் முன்னால் நின்றபோதுதான் வீட்டு விரிசல் எனக்குப் புரிந்தது. மேற்கே நிற்கும் வேப்பமரம் கோடையில் மூலைக்கு அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது. மண் சுருங்கி மூலை இறங்குகிறது. மழை வந்ததும் கரிசலில் உள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற களிக் கனிமம் தண்ணீரைக் குடித்து உப்பி மூலையைத் தூக்குகிறது. இத்தனை வருடம் கொத்தனாரைத் திட்டியது வீண்.

இரவே அப்பாவுக்குச் சொன்னேன். "அப்போ மரத்த வெட்டிரலாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வறண்ட கரிசலில் வளர்ந்த மரத்தைத் திடீரென வெட்டினால், அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணுக்குத் திரும்பி, வருடக்கணக்கில் மண் உப்பிக்கொண்டே இருக்கும் என்பதை எம்.இ.யில்தான் படித்தேன். நல்லவேளை, அவர் வெட்டவில்லை.

இவ்வளவு நடந்தும் கடைசி ஆண்டில் நான் எழுதிவைத்திருந்த விருப்பம் ஸ்ட்ரக்சுரல்தான். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவரிடமும் சொந்தக் காரணம் இல்லை, என்னிடமும் இல்லை. கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் நினைத்த அளவு வரவில்லை. வீட்டில் பணமும் தேவைப்பட்டது. 2012-ல் சென்னையில் மண் ஆய்வு செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். கையில் 9,500 ரூபாய். அந்த இரண்டு வருடம் இல்லாமல் நேராக மேல்படிப்புக்குப் போயிருந்தால் எனக்குப் பொருந்தாத படிப்பைத்தான் எடுத்திருப்பேன்.

மண்ணைச் சோதிக்கப் போர், அதாவது துளை, போடும் இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று கால் நட்ட டிரைபாட், ஒரு வின்ச், துளை இடியாமல் இருக்கக் கேசிங் குழாய், பெண்டோனைட் குழம்பு, நான்கைந்து ஆட்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை, மண் எவ்வளவு கெட்டி என்று அறிய எஸ்பிடி சோதனை செய்வோம். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஸ்பூன் என்று சொல்லும் பிளந்த குழாயை மண்ணுக்குள் 45 சென்டிமீட்டர் இறக்க வேண்டும். முதல் 15-ஐ விட்டுவிட்டு, அடுத்த 30 இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணினால் அதுதான் 'N' வேல்யூ. இந்த நாட்டில் எத்தனையோ கட்டடங்களின் அஸ்திவாரம் அந்த ஓர் எண்ணை நம்பித்தான் நிற்கிறது.

எங்கள் குழுவின் மேஸ்திரி எட்டாவது வரை படித்தவர். அடி விழும் சத்தத்தை வைத்தே மண் மாறுவதைச் சொல்லிவிடுவார். "சத்தம் மாறுதும்மா, மணல் வந்துருச்சு" என்பார். ஸ்பூனைத் திறந்தால் மணல் இருக்கும். இன்னொரு விஷயத்தையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கயிறு இழுக்கிறவர்கள் களைத்துப்போவார்கள். சுத்தியல் 75 சென்டிமீட்டர் ஏறாது, 60-லேயே விழும். அடியில் வலு குறைவதால் எண்ணிக்கை கூடும். ரிப்போர்ட்டில் அந்த மண் உண்மையில் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். அன்றிலிருந்து கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, பக்கத்திலேயே நிற்பேன். எந்தப் பாடப்புத்தகமும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பெண்கள் போகலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம். நான் போனேன். ஆனால் பல சைட்டுகளில் கழிப்பறை இருக்காது. புது சைட்டில் இறங்கியதும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசி வைத்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. இரவில் போர் ஓடினால் திரும்பி வர வண்டி உண்டா என்பதை வேலையில் சேரும்போதே கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்படக் கூடாது. நான் முதல் வருடம் கேட்கவில்லை, தண்ணீர் குடிக்காமலேயே வேலை பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். குழுவில் இருந்தவர்கள் முதல் வாரம் "மேடம்" என்று தள்ளி நின்றார்கள். கை நிறையக் களிமண்ணோடு சாம்பிள் குழாய்க்கு நான் மெழுகு ஊற்றுவதைப் பார்த்த பிறகு "ஏம்மா, இதையும் எழுதிக்க" என்று தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள்.

அடுத்து வருவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் என் முடிவை மாற்றியது அதுதான்.

வேளச்சேரிக்குத் தெற்கே ஒரு மனை. ஐந்து போர். நான்கில் 13 மீட்டர் வாக்கில் சிதைந்த பாறை தட்டியது. மூன்றாவது போர் 12 மீட்டரில் இருந்தபோது பெருமழை பிடித்து நின்றுபோனது. மறுநாள் குழுவை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அலுவலகத்தில் 12 மீட்டருக்குக் கீழே, பக்கத்துப் போரின் எண்களைக் கொஞ்சம் மாற்றி நிரப்பி என் முன்னால் வைத்தார்கள். "நாலுலயும் 13-ல பாறை. இதுலயும் அதேதான் இருக்கும். கையெழுத்துப் போடுங்க." போட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மறுக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து அங்கே பைல், அதாவது ஆழ அஸ்திவாரத் தூண், போட ஆரம்பித்தார்கள். அந்த மூலையில் 17 மீட்டர் வரை பாறை வரவில்லை. சென்னையின் தெற்குப் பகுதிக்கு அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கிய இடத்தில் ஆழமாகச் சிதைந்திருக்கும். பத்தடி தள்ளி கெட்டியாக நிற்கும். மேல்மட்டம் மேசைபோல இருக்கும் என்று எண்ணவே கூடாது. வேலை மூன்று வாரம் நின்றது. புதிதாகப் போர் போட்டு, அந்தப் பக்கத்துப் பைல்களை நீட்டினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பைல் போட்டவர்கள் கவனமாக இருந்ததால் ஆகவில்லை. துளையில் கண்டதை எழுதி வைக்கும் போர் லாகில் இருந்தது என் கையெழுத்து.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். அந்த மனை ஏறக்குறைய ஓர் ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர். ஐந்து துளைகள், ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் 0.09 சதுர மீட்டருக்கும் குறைவு. மனையில் ஏறத்தாழ 46,000-ல் ஒரு பங்கைத்தான் நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். மீதி எல்லாம் ஊகம். அந்த ஊகத்தை நேர்மையாகச் செய்வதற்குத்தான் ஜியோடெக்னிக்கல் என்று சொல்லும் இந்த மண் படிப்பு என்று அன்று புரிந்தது. ஏற்கெனவே கொஞ்சம்தான் பார்க்கிறோம். அந்தக் கொஞ்சத்திலும் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் இந்தத் துறையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஸ்ட்ரக்சுரலில் கான்கிரீட்டை எம்-30 என்று நாம் கேட்டு வாங்குகிறோம். கம்பி ஆலையிலிருந்து சான்றிதழோடு வருகிறது. மண்ணை யாரும் கேட்டு வாங்க முடியாது. அங்கே இருப்பதுதான் கிடைக்கும். எது உயர்ந்தது என்று பேச நான் வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு மனம் வேண்டும். ஒரு விடையைத் துல்லியமாக எட்டினால்தான் தூக்கம் வரும் என்கிறவர்களுக்கு மண் வேலை நரகமாக இருக்கும். என் தோழி ஒருத்தி அப்படித்தான். அவள் ஸ்ட்ரக்சுரல் எடுத்தாள், மிக நன்றாகச் செய்கிறாள். எனக்கோ, "இது இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம், அப்படி இருந்தால் என்ன செய்வது" என்று யோசிப்பதில்தான் மனம் ஓடியது.

தோன்றியதை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்து அந்தத் தோழி வேலை பார்த்த டிசைன் அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாடல், லோடு, பீம், டீட்டெயிலிங், வரைபடத் திருத்தம். மூன்றாம் மணி நேரத்தில் அவள் முகத்தில் இருந்த ஆர்வம் என் முகத்தில் இல்லை. அப்புறம் எங்கள் நிறுவன ஆய்வகத்தில் ஒரு வாரம் கேட்டு வாங்கி இருந்தேன். மண் எடையில் எவ்வளவு அமுங்கும் என்று பார்க்கும் கன்சாலிடேஷன் சோதனையில் 20 மில்லிமீட்டர் உயரக் களிமண் தட்டுக்கு ஒரு எடை வைத்தால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் அதன் இரண்டு மடங்கு, மறுபடி ஒரு நாள். ஒரு சாம்பிளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் போகும். டயல் முள் நகர்வது கண்ணுக்கே தெரியாது. எனக்கு அது அலுக்கவில்லை. பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படித்ததைவிட இந்தப் பத்து நாள்தான் எனக்கு வழி காட்டியது. யார் என்னிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: பாடம் பிடிக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அந்தப் பாடம் படித்தவரின் ஒரு வேலைநாள் பிடிக்கிறதா என்று போய் உட்கார்ந்து பாருங்கள்.

2014-ல் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஜூன் 28 அன்று மாலை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் காரணங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் அலுவலகப் போன் ஓயவே இல்லை. பழைய ரிப்போர்ட்டைத் தூசி தட்டிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். "நீ பாக்குறது இந்த வேலதானா?" "ஆமாப்பா, இதுக்கு முன்னாடி நடக்குற வேல." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நல்லாப் படிச்சுட்டே செய்" என்றார்.

மண்ணைப் போய் என்ன படிப்பது என்று அவருக்கு ஒரு குழப்பம் இருந்தது. பைசா கோபுரத்தைச் சொன்னேன். 1173-ல் கட்டத் தொடங்கியது, தென்பக்கம் மென்மையான களிமண் அமுங்கிச் சாய்ந்தது, விழுந்துவிடும் என்று 1990-ல் மூடினார்கள். பல வழி யோசித்துக் கடைசியில் சாயாத வடபக்கத்தின் அடியிலிருந்து துளை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். கோபுரம் அரை டிகிரி அளவு நிமிர்ந்தது, 2001-ல் திறந்தார்கள். "மண்ண எடுத்தா நிமித்துனாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஊரில் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, கல்லூரி. முதலில் பெயரைக் கவனியுங்கள். சில இடங்களில் ஜியோடெக்னிக்கல் என்று இருக்கும். கிண்டி பொறியியல் கல்லூரியில் சாயில் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபவுண்டேஷன் என்ஜினியரிங் என்ற பெயரில் இருக்கிறது. டெல்லி ஐஐடியில் பாறைக்கும் சுரங்கக் கட்டுமானத்துக்கும் தனி எம்.டெக். உண்டு. ஒரே பெயரைத் தேடினால் பாதி வாசல்கள் கண்ணில் படாமல் போகும். நான் கேட்டோடு டான்செட்டும் எழுதினேன். இப்போது தமிழ்நாட்டில் எம்.இ. சேர்க்கைக்கு சீட்டா-பிஜி. ஐஐடி, என்ஐடிகளுக்கு கேட். முடிந்தவரை கேட் மதிப்பெண்ணோடு போங்கள். அதோடு சேர்ந்த எனக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. வீட்டில் கேட்காமல் படிக்க முடிந்தது.

சேரும் முன் இரண்டு கல்லூரிகளின் ஆய்வகத்துக்கு நேரில் போனேன். ஒன்றில் மண்ணின் வலுவை அளக்கும் டிரையாக்ஸியல் கருவி பளபளவென்று இருந்தது, மேலே துணி போர்த்தியிருந்தது. கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்றில் கருவி பழையது, ரப்பர் உறைகள் காய்ந்துகொண்டிருந்தன, மேசை முழுக்கச் சேறு. ஒரு மாணவர் எந்த மண், எந்த ஊர், எதற்காக என்று இருபது நிமிடம் நிறுத்தாமல் சொன்னார். நான் இரண்டாவதில் சேர்ந்தேன். துறையில் கன்சல்டன்சி நடக்கிறதா என்றும் கேளுங்கள். நடந்தால் உண்மையான சைட்டின் மண் ஆய்வகத்துக்கு வரும், உண்மையான சிக்கலும் வரும். அப்புறம் கடந்த நான்கைந்து வருட ஆய்வேடுகளின் தலைப்புகளை வாங்கிப் படியுங்கள். யாரிடம் எதைக் கற்க முடியும் என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்தத் துறைக்குள்ளேயே பல கிளைகள் உண்டு என்பது சேர்ந்த பிறகுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. ஆழ அஸ்திவாரம், மென்களியைக் கெட்டிப்படுத்தும் வேலை, அணைகள், நீலகிரி மாதிரி இடங்களில் மலைச்சரிவு, மெட்ரோ சுரங்கம், கொடுங்கையூர், பெருங்குடி போலக் குப்பை கொட்டிய நிலங்களை மீட்கும் சுற்றுச்சூழல் பக்கம், கடலடி மண். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளைச் செய்தியில் பார்த்து அதற்காகவே இந்தப் படிப்புக்கு வந்த ஒருவர் என்னோடு படித்தார். முதல் ஆண்டிலேயே கிளையை முடிவு செய்துவிட வேண்டாம். இரண்டாம் செமஸ்டர் வரை எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இப்போது வருகிற பிள்ளைகளில் பலர் மண் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் பிளாக்சிஸ் போன்ற மென்பொருள் கற்று, அதை மட்டும் வைத்து வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். அது நல்ல திறமைதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் நிக்கல் ஹைவே அருகே மெட்ரோவுக்காகத் தோண்டிய சுமார் 30 மீட்டர் ஆழப் பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்ததைப் பற்றிப் படித்துவிட்டு அந்த முடிவை எடுங்கள். அங்கே கடல்சார் மென்களி. விசாரணையில் வெளிவந்த காரணங்களில் ஒன்று, பள்ளத்தைத் தாங்கும் முட்டுச்சட்டங்களின் இணைப்பு வலுக் குறைவாக வடிவமைக்கப்பட்டது. இன்னொன்று, கணினிப் பகுப்பாய்வில் அந்தக் களிக்குப் பொருந்தாத உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுத்தது. அத்தகைய களி நசுங்கும்போது உள்ளே நீரழுத்தம் ஏறி வலு குறையும். அந்த முறை அதைக் கணக்கில் சரியாகக் கொண்டுவராது. களி உள்ளதைவிட வலுவாகத் திரையில் தெரிந்தது. சுவர் வளைவதும் குறைவாகத் தெரிந்தது. மென்பொருள் சொன்னபடி செய்தது, கேட்டதுதான் தவறு. எம்.இ.யில் எங்களுக்கு இதை ஒரு முழு வகுப்பு நடத்தினார்கள். சாக்பீஸ் கோடு போட்ட கம்பி அன்று எனக்கு நினைவுக்கு வந்தது. கருவி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண் எப்படி வந்தது?

அதனால் மண் இயக்கவியலைத் தொடங்கிவைத்த டெர்சாகியின் செயல்தகைவு என்ற கருத்தை மட்டும் எலும்பு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். மண்ணின் வலுவைத் தீர்மானிப்பது மேலிருந்து வரும் மொத்த அழுத்தம் அல்ல, அதிலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது. நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இந்தக் கழித்தல்தான் இருக்கிறது. டெர்சாகி படித்ததே மெக்கானிக்கல். இஸ்தான்புல்லில் ஒரு கல்லூரியில் கற்பித்தபோது கையில் கிடைத்த சாமான்களால் கருவி செய்து களிமண்ணைச் சோதித்தார். அதிலிருந்து பிறந்த அவருடைய நூல் 1925-ல் வந்தது. அதிலிருந்துதான் நவீன மண் இயக்கவியலைக் கணக்கிடுகிறார்கள். துறைக்கு வயது நூறுதான். இன்னும் தெரியாதது நிறைய இருக்கிறது என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

என் ஆய்வு கரிசல் பற்றியது. சுண்ணாம்பு கலந்தால் உப்பும் தன்மை எவ்வளவு குறைகிறது என்று ஒரு வருடம் பார்த்தேன். வீட்டு விரிசலிலிருந்து வந்த ஆசை என்பதால் வேறு தலைப்பை நினைக்கவே இல்லை. வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை முடித்துவிட்டு நாளைக்கு யாரிடம் வேலை கேட்பாய்?" அப்போது வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. கரிசலை மட்டும் நம்பி எனக்கு வேலை வரவில்லை. 2016-ல் கிடைத்தது நகருக்குள் தோண்டும் ஆழப் பள்ளங்களைக் கண்காணிக்கும் வேலை. சுவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது, பக்கத்துக் கட்டடம் இறங்குகிறதா, நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று தினமும் அளந்து, எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டு, வேலை முறையை மாற்றுவது. ஆய்வுத் தலைப்பு என்னோடு வரவில்லை. சோதனையைப் பொறுமையாகச் செய்யும் பழக்கமும் எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கமும் வந்தன. தலைப்பை ஆசைக்காக எடுங்கள், தப்பில்லை. அதோடு வேறொரு கிளையில் ஒரு பாடத்தையாவது வேலைக்காக ஆழமாகப் படித்து வையுங்கள்.

சம்பளத்தையும் மறைக்க வேண்டாம். எண்ணிக்கையில் ஸ்ட்ரக்சுரல் வேலைகள் அதிகம். இருபது பேர் வடிவமைக்கும் அலுவலகத்தில் மண்ணுக்கு ஒருவர் இருந்தால் பெரிது. முதல் நான்கைந்து வருடம் என் தோழி என்னைவிடக் கூடுதலாக வாங்கினாள். சைட்டில் நின்ற அனுபவத்தோடு படிப்பும் சேர்ந்தவர்களைத் தேடத் தொடங்கியபோதுதான் எனக்கு நிலைமை மாறியது. வீட்டுக் கடன் தலைக்கு மேல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். எம்.இ.க்கு முன் ஓரிரு வருடம் வேலை பார்ப்பது அவர்களுக்கு இரண்டு விதத்தில் உதவும்.

2018-ல் ஊரில் வீட்டோடு சேர்த்து ஒரு அறை கட்டினோம். அண்டர் ரீம்டு பைல் போட்டோம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதுபோன்ற மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி மூன்றரை மீட்டர் துளை போட்டு, கீழே வெங்காயம் மாதிரி அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். மேலே ஓடும் பீம் தரையைத் தொடக் கூடாது, மண் உப்பினால் ஏற இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் கொத்தனார் செங்கல் ஜல்லியைப் போட்டு அடைக்கப் போனார். அப்பாவே ஓடிப்போய்த் தடுத்தார். பழைய மேற்குச் சுவரைச் சுற்றிலும் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, கூரைத் தண்ணீரைத் தள்ளி விட்டோம். விரிசல் முழுதாகப் போகவில்லை. ஆனால் நாணயம் நுழைவதில்லை. வேப்பமரம் நிற்கிறது.

இதையெல்லாம் அக்கா மகளுக்கு அனுப்பிவிட்டு, மே மாத விடுமுறையில் எனக்குத் தெரிந்த ஒரு குழுவோடு ஒரு வாரம் போர் சைட்டுக்கு அனுப்பினேன். கழிப்பறைக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான். வெள்ளிக்கிழமை இரவு அவள் கையால் எழுதிய முதல் போர் லாகைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஆழம், மண்ணின் நிறம், 'N' வேல்யூ எல்லாம் சரியாக இருந்தன. நிலத்தடி நீர் மட்டம் என்ற கட்டம் மட்டும் காலி.

போன் செய்து கேட்டேன். "பெண்டோனைட் ஊத்தியிருந்துச்சு சித்தி. 24 மணி நேரம் கழிச்சுதான் பாக்கணும்னு சொன்னாங்க. பக்கத்து போர்ல 2.1-னு இருக்கு, அதையே போட்டுரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. நான் பாக்கலையே, அதான் போடல."

மறுநாள் சனிக்கிழமை, அவளுக்கு அங்கே வேலை இல்லை. காலை ஏழு மணிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். 2.9 மீட்டர்.